மூணாவது ஒடுக்கு

வண்டியோட மேட் கறுப்பைப் பளபளன்னு ஆக்கோணும், அவ்வளவுதானுங்களே? ஆக்கலாமுங்க தம்பி. முடியாதுன்னு சொன்னவன் தொழில் தெரியாதவன். இக்கட்டால நெழலுக்கு வாங்க, வெயில்ல நிக்காதீங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. டீ வேணும்னா முக்குக் கடைக்குத்தான் சொல்லோணும். ஊட்டுல ஆள் இல்லீங்க.

முதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன். பாலிஷ் ஏதாச்சும் போட்டுத் தேய்ச்சீங்களா? மெழுகு, தேய்ச்சு மினுக்கற காம்பவுண்டு, தேங்கா எண்ணெய்? இல்லையே? நல்லதுங்க. மேட்டுன்னா மேலாப்புல கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. வெளிச்சம் பட்டாச் செதறிப் போயிரும், அதனாலதான் கரும்பலகையாட்டம் மங்கலா இருக்குது. அதைப் போட்டுத் தேய்ச்சீங்கன்னா தேய்ச்ச இடம் மட்டும் மினுங்கும். மினுங்குனது மினுங்குனதுதான், திரும்ப மங்க வைக்க முடியாது. அதனால மொத்த வண்டியையும் மாத்தோணும். அறுநூறு நம்பர் உப்புத்தாள்ல தண்ணி உட்டுத் தேய்க்கோணும், பொறவு எண்ணூறு. துடைச்சுப் போட்டு க்ளியர் ரெண்டு கோட்டு. க்ளியர்னா நிறமே இல்லாத பெயிண்டுங்க, தண்ணியாட்டம் இருக்கும். அது காஞ்சதும் ரெண்டாயிரம் நம்பர் தாள், அப்புறம் மிசின் வெச்சு பஃப், மெருகு ஏத்தறதுங்க. பானெட்டுல முகம் பார்த்துத் தலை சீவிக்கலாம்.

ஆனா எனக்கு ஒரு கண்டிசன் இருக்குதுங்க. தண்ணி ஊத்திப் பார்த்துட்டுத்தான் வேலையை ஒத்துக்குவேன். மேட்டுல ஒடுக்கு தெரியாது. வண்டி எங்க நசுங்கியிருந்தாலும் மறைச்சுரும். தண்ணி ஊத்துனா ஒரு நிமிசம் பளபளங்கும் பாருங்க, அப்பத் தெரிஞ்சுரும். அப்படி ஒடுக்கு இருந்தா, அது எப்படி வந்துச்சுன்னு நீங்க எங்கிட்டச் சொல்லோணும். சிரிக்காதீங்க தம்பி. கிறுக்கன்னு நெனைச்சாலும் செரி. ஒரு மேட் வண்டியால என் பொண்டாட்டி என்னை உட்டுப் போட்டுப் போயிட்டாளுங்க, அவளோட அம்பத்திரெண்டு வயசுல. என் மேல என்ன குத்தம்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

எனக்கு ஒரே புள்ளைங்க, தாரணி. ராசிபுரத்துல குடுத்தோம். மாப்ள பேரு நவநீதன், டைல்ஸ் கடை. நல்ல குடும்பம், நல்ல உசரம். கல்யாணத்துக்கு என்ன சீர் வேணும்னு கேட்டப்ப அவரு ஒண்ணுதான் கேட்டாரு. என்னோட ஜீப்பை. பழைய ஜீப்புங்க, தாரணி பொறக்கறதுக்கு முந்தி வாங்குனது. மூணு தடவை என் கையாலயே பெயிண்டு அடிச்சிருக்கேன், மூணு தடவையும் சிவப்பு. அந்த ஜீப்புல ஒரு நகக்கீறல் உட்டாலும் எனக்குத் தெரியும். அதைக் குடுக்க மனசு வரல. ஆனா புள்ளைக்குத்தானேன்னு குடுத்தேன்.

குடுத்து ஆறு மாசத்துல பெங்களூர்ல உட்டு மேட் கறுப்பு அடிச்சுட்டு வந்து நிறுத்துனாரு. எனக்குக் கன்னத்துல அறைஞ்சாப்புல இருந்துச்சுங்க. மாமனார் பெயிண்டர், அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அந்தப் பெங்களூர்க்காரனுக என் சிவப்பைச் சொரண்டக்கூட இல்லை, அது மேலயே அடிச்சிருந்தானுக. நான் ஒண்ணும் சொல்லலீங்க. கோவத்தை அடக்கத் தெரிஞ்ச ஆளு நான். பட்டறையில எத்தனை பேரு வேலை பார்த்துப் போயிருக்கானுக, கேட்டுப் பாருங்க, இந்தச் சென்னியப்பன் கை நீட்டுனான்னு ஒருத்தன் சொல்லட்டும்.

போன வருசம் ஆயுத பூசை வந்துச்சு. இங்க நம்ம பட்டறையில அது பெரிய நாளுங்க. கம்ப்ரசர், பெயிண்டு அடிக்கற கன், நிக்கற வண்டி எல்லாத்தையும் கழுவி, மூணு விரல்ல சந்தனத்தை இழுத்து, நடுவுல குங்குமம் வெப்போம். மத்ததுக்கெல்லாம் பாவாயி வெப்பா. பாவாயிதான் என் பொண்டாட்டி. அந்த ஜீப்புக்கு மட்டும் அவ வெக்க மாட்டா. தாரணிக்கு நாலு வயசு ஆனதுலருந்து தட்டை அவகிட்டக் குடுத்து, நீ போய் வெய்யி சாமின்னு அனுப்பிருவா. சோம்பேறித்தனம்னு நான் திட்டுவேன். அவளுக்கு எப்பவும் ஒரு தலைவலி வேற. மழை மேகம் கூடுனாப் போதும், இடப்பக்கம் மண்டை குடையுதுன்னு துணியைக் கட்டிக்குவா. காட்டாத டாக்டர் இல்லை. ஒண்ணுமில்லேன்னுதான் சொன்னாங்க.

செரி, விசயத்துக்கு வர்றேன். தாரணிக்கு வருசா வருசம் செஞ்ச பழக்கம். அங்கயும் ஜீப்பைக் கழுவி, பானெட்டுல சந்தனத்தை இழுத்து, குங்குமம் வெச்சிருக்கறா. மறுநாள் துடைச்சா மஞ்சக்கறை போகலை. மேட்டுல எப்படிப் போகும்? சொரசொரப்புக்குள்ள ஏறிரும். ஈரத்துணியில தேய்ச்சிருக்கறா. தேங்கா எண்ணெய் போட்டுத் தேய்ச்சிருக்கறா. அதுக்கும் போகலைன்னு, நான் எப்பவோ குடுத்து உட்ட காம்பவுண்டு டப்பாவை எடுத்துப் போட்டுத் தேய் தேய்ன்னு தேய்ச்சிருக்கறா. கறை போயிருச்சு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நடு பானெட்டு மினுமினுன்னு ஆயிருச்சு.

மாப்ள கடையிலருந்து வந்து பார்த்திருக்கறாரு. என்னடி பண்ணுனேன்னு கேட்டிருக்கறாரு. பொட்டு வெச்சேனுங்கன்னு சொல்லியிருக்கறா. முடியைப் புடிச்சு அந்த மினுங்குற இடத்துலயே தலையை மோதியிருக்கறாரு. ரெண்டு தடவை. வாசல்ல வெச்சு, பகல்ல. எதுத்த ஊட்டுக்காரங்க பார்த்துட்டு டிவி சத்தத்தை ஏத்தி வெச்சுட்டாங்களாம். கீழ விழுந்தவளை வவுத்துல ஒரு மிதி. அதுல வாசப்படி பட்டு உதடு கிழிஞ்சு முன்பல்லு ஒண்ணு ஆடிப் போச்சு.

பஸ் ஏறி வந்துட்டாளுங்க. இதோ இந்த இடத்துலதான் வந்து நின்னா. துண்டால வாயை மூடிக்கிட்டு நிக்கறா. துண்டு முழுக்க ரத்தம். பாவாயி ஓடி வந்து கட்டிக்கிட்டா. நான் என்ன கேட்டேன் தெரியுங்களா? காம்பவுண்டு போட்டியான்னு கேட்டேன். ஆமாம்ப்பான்னு தலையாட்டுனா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பெயிண்டர் புள்ளை மேட்டுல காம்பவுண்டு போடுவாளா? ஊரு என்னையில்ல சிரிக்கும்? கையை ஓங்கிட்டேன். ஓங்குனேன், அடிக்கலை. பாவாயி நடுவுல வந்துட்டா. கண்ணை மூடிக்கிட்டு இடப்பக்கமாத் தலையைத் திருப்பி நின்னுக்கிட்டா. நான் கையை இறக்கிட்டேன். இதைத்தான் சொல்றேன், எனக்கு அடக்கத் தெரியும்.

அப்பா, என்னை அங்க அனுப்பாதீங்கன்னு சொன்னா. நான் ரோசனை பண்ணுனேன். சண்டை எதுக்கு வந்துச்சு? வண்டியால. வண்டியைச் சரி பண்ணிட்டா? சண்டைக்கு வேலையே இல்லை. இதுல என்ன தப்புங்க? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். மாப்ளைக்கு போன் போட்டேன். மாப்ள, வண்டியைக் கொண்டாங்க, புதுசாட்டம் பண்ணித் தர்றேன்னேன். இந்த வம்பே வேண்டாம், மேட்டையே எடுத்துப் போட்டுப் பளபளன்னு ஆக்கித் தர்றேன், எவ்வளவு வேணாலும் தேய்க்கலாம், பொட்டு வெக்கலாம்னேன். நீங்க என்னமோ பண்ணுங்க மாமான்னாரு.

கொண்டாந்தாரு. நீங்க உட்கார்ந்திருக்கற ஸ்டூல்லதான் உட்கார்ந்தாரு. பாவாயிதான் டீ கொண்டாந்து குடுத்தா. பாதி டீ தட்டுல சிந்திருச்சு. பார்த்துக் குடுக்க மாட்டியான்னு ஒரு சத்தம் போட்டேன். மாப்ள முன்னாடி மானத்தை வாங்குறா.

அவரு போனதும் தண்ணி ஊத்தித் தேய்க்க ஆரம்பிச்சேன். ஈரத்துல வண்டி பளபளங்குது. பானெட்டு நடுவுல ரெண்டு ஒடுக்கு. பக்கத்துப் பக்கத்துல. போன் போட்டுக் கேட்டேன். தேங்கா உழுந்துச்சு மாமான்னாரு.

தம்பி, இந்தத் தொழில்ல முப்பத்தஞ்சு வருசம் ஆச்சுங்க. தேங்கா உழுந்தா குழி சின்னதா ஆழமா இருக்கும், சுத்தியும் பெயிண்டு வெடிச்சிருக்கும். கல்லு பட்டா முனை தெரியும். மாடு மோதுன வண்டி, மனுசன் மோதுன வண்டி, எல்லாம் இங்க வந்திருக்குது. மனுச உடம்பு பட்ட ஒடுக்கு தனிங்க. அகலமா, மெத்துன்னு, ஓரம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. கையை வெச்சுத் தடவுனாத்தான் தெரியும். தடவிப் பார்த்தேன். தேங்கா இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

தெரிஞ்சு? வேலைக்காரன் என்ன பண்ணுவான்? பட்டி வெச்சேன். பட்டின்னா குழியை அடைக்கற மாவு மாதிரிங்க. மஞ்சப் பட்டியைக் கொழைச்சு தகட்டுல வழிச்சு ரெண்டு குழியையும் மூடுனேன். தாரணி பின்னாடி வந்து நின்னதை நான் பார்க்கலை. அப்பா, அது என் தலைப்பான்னு சொன்னா.

தெரியும் சாமி, அதனாலதான் மூடறேன், மூடிட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். புள்ளைக்கு ஆறுதலாத்தானே சொன்னேன்? நான் பட்டி தேய்ச்சு முடிக்கற வரைக்கும் அவ அப்படியே நின்னா.

பத்து நாள் வேலைங்க. பானெட்டுக்குக் கறுப்பு ஒரு கோட்டு, வண்டி முழுக்க க்ளியர் ரெண்டு கோட்டு. தூசி உழுகாம தரையெல்லாம் தண்ணி தெளிச்சு, சட்டையைக் கழட்டி வெச்சுட்டு அடிச்சேன். பஃப் போட்டு முடிச்சப்ப ரோட்டுல போறவன் வண்டியை நிறுத்திப் பார்த்தான். டியூப்லைட்டு அதுல கோடு வளையாம தெரிஞ்சுது. கோடு வளையலைன்னா தகடு மட்டம்னு அர்த்தம். என் வாழ்க்கையில அப்படி ஒரு வேலை நான் பண்ணுனதில்லை. பூசணிக்காயைச் சுத்தி ஒடைச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, தாரணியை ஏத்தி அனுப்பி உட்டேன். ஏறுறப்பவும் அழுதா. தீபாவளிச் சீரோட வர்றேன் கண்ணுன்னு சொன்னேன்.

நாலு நாள்தானுங்க.

அவனோட சினேகிதனுக சிரிச்சுட்டானுகளாம். என்னடா இது, கல்யாணத்துக்கு வாடகைக்கு உடற வண்டியாட்டம் பண்ணி வெச்சிருக்கறயேன்னு. ஆமாங்க, இனிமே அவருன்னு என் வாயில வராது. அவன்தான். ஊட்டுக்கு வந்து, உங்கொப்பன் என் வண்டியைக் கெடுத்துப் போட்டான்டின்னு சொல்லி வீல் ஸ்பேனரை எடுத்திருக்கறான். வண்டிச் சக்கரம் கழட்டற இரும்புங்க. கையைக் குறுக்க வெச்சிருக்கறா. கை ரெண்டு இடத்துல ஒடைஞ்சுது. விலா எலும்பு மூணு. அப்புறமும் உடலை. எங்கயோ பார்த்துக்கிட்டு, சக்கரத்து போல்ட்டைக் கழட்டற மாதிரி நிதானமா அடிச்சான்ப்பான்னு சொன்னா. அன்னிக்கு டிவி சத்தத்தை ஏத்துன அதே எதுத்த ஊட்டுப் பொம்பளைதான், அதே ஜீப்புல அவளைப் போட்டு, தன் பையனை ஓட்டச் சொல்லி, இங்க நம்மூரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து சேர்த்தா.

ஆஸ்பத்திரியில பார்த்தேன். மூஞ்சி அடையாளம் தெரியலை. ஒரு கண்ணு மூடிக் கெடக்குது. நான் அழுதுட்டேனுங்க. பெத்த வவுறு எரியாதா? அங்கருந்து நேரா பட்டறைக்கு வந்தேன். ரப்பர் சுத்தியை எடுத்தேன். ராசிபுரம் பஸ் ஏறுனேன்.

காலையில பதினோரு மணி. கடையில நாலஞ்சு பேரு டைல்ஸ் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. அவன் மேசைக்குப் பின்னாடி உட்கார்ந்து போன் பேசிக்கிட்டு இருக்கறான். வாங்க மாமான்னான். தாடையில ஒண்ணு வெச்சேன். போன் தெறிச்சு ஓடுச்சு. எந்திரிக்கப் பார்த்தான், தோள்ல ஒண்ணு. பொறவு சுத்தியைக் கீழ போட்டுட்டேன். கையால அடிச்சாத்தான் எனக்கு அடங்கும்போல இருந்துச்சு. முடியைப் புடிச்சேன். முடியை உச்சியில புடிக்கக் கூடாதுங்க, நழுவும். காதுக்கு மேல கொத்தா, வேரோட புடிக்கோணும். அப்பத்தான் தலை திரும்பாது. அப்படிப் புடிச்சு மேசைக் கண்ணாடியில மோதுனேன். ஒண்ணு, என் புள்ளைக்கு. ரெண்டு, என் புள்ளைக்கு. கண்ணாடி நொறுங்கி அவன் நெத்தியில ஏறுச்சு. ரெண்டு பல்லு தரையில கெடந்துச்சு. மிதிச்சேன். மாமா மாமான்னு கத்தறான். ஆறு பேரு சேர்ந்துதான் என்னைப் புடிச்சு இழுத்தாங்க.

எப்படி அத்தனை நேக்காப் புடிச்சேன்னு கேக்கறீங்களா? கைக்குத் தெரிஞ்சுதுங்க. நான் அதுவரைக்கும் ஒருத்தனை அடிச்சதில்லை.

ரெண்டு பக்கமும் கேசு ஆச்சு. அவன் தாடையில கம்பி வெச்சுக் கட்டிக்கிட்டு எழுதிக் குடுத்தான். பொண்டாட்டி மாடிப்படியில உருண்டுட்டா, நான் ஒரு நாளும் தொட்டதில்லை, மாமனார்தான் ரவுடின்னு. எதுத்த ஊட்டுக்காரங்க ஆஸ்பத்திரியில சேர்த்ததோட செரி, நாங்க எதையும் பார்க்கலைன்னுட்டாங்க. மகளிர் போலீஸ் ஸ்டேசன்லருந்து ஒரு இன்ஸ்பெக்டரம்மா வந்தாங்க. நல்லவங்க. தாரணி படுக்கையில இருந்தே எல்லாத்தையும் சொன்னா. ஆயுத பூசைக்கு மறுநாள் வண்டியில தலையை மோதுனதையும் சொன்னா. அதுக்கு ஏதாச்சும் அடையாளம் இருக்குதாம்மான்னு அந்தம்மா கேட்டாங்க. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப அடிச்சிருக்கறான்னு காட்டுனாத்தான் கேசு நிக்கும்னாங்க.

இருந்துச்சுங்க மேடம், எங்கப்பா மூடிட்டாருன்னு சொன்னா.

ஜீப்பை ஆஸ்பத்திரி வாசல்லருந்து இங்க ஓட்டியாந்துட்டோம். அந்தம்மா கான்ஸ்டபிளைக் கூட்டிக்கிட்டு, தாரணியை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு, பட்டறைக்கே வந்துட்டாங்க. கையில மாவுக்கட்டு, விலாவுல பட்டை, நாற்காலியில உட்கார வெச்சோம். மூடுன குழியைத் தொறந்து காட்ட முடியுமான்னு கேட்டாங்க. முடியுங்க மேடம், மூடுனவன் நான்தானேன்னேன். மிசினை எடுத்தேன்.

நான் அடிச்ச க்ளியரு தம்பி. பத்து நாள் உழைப்பு. மிசினோட தேய்க்கற டிஸ்க்கு பட்டதும் வெள்ளைப் பொடியாப் பறந்துச்சு. அடியில கறுப்பு, அதுக்கடியில மஞ்சப் பட்டி. கையால பார்த்துப் பார்த்துத் தேய்ச்சு எடுத்தேன். வெறும் தகடு தெரிஞ்சுது. ரெண்டு ஒடுக்கும் அப்படியே இருந்துச்சு. கான்ஸ்டபிள் ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்தாரு. இது தேங்கா இல்லை, இது மனுசத் தலை, நான் எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்றேன்னு சொன்னேன். அந்தம்மா தலையாட்டி எழுதிக்கிட்டாங்க. தாரணி அன்னிக்குத்தான் என்னை நிமிந்து பார்த்தா. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சுங்க. போதும்னாங்க. நான்தான் நிறுத்தலை. முழு பானெட்டையும் எடுத்துக் காட்டறேன் மேடம், வேற எங்கயாச்சும் இருந்தா ஒண்ணும் உடக்கூடாதுன்னேன். வேலையைப் பாதியில நிறுத்தத் தெரியாது எனக்கு.

கறுப்பு போச்சு. சிவப்பு வந்துச்சு. என் சிவப்பு. ஒரு சிவப்பு, அதுக்கடியில இன்னொரு சிவப்பு, அதுக்கும் அடியில ஒண்ணு. இடப்பக்கம், மட்கார்டுக்குக் கொஞ்சம் மேல, டிஸ்க்கு சத்தம் மாறுச்சு. பட்டி. ஆனா மஞ்சப் பட்டி இல்லை. சாம்பல் பட்டி, கல்லாட்டம் கெட்டியா. அடச்சண்டாளா, இங்கயும் மோதியிருக்கறான் பாருன்னு நெனைச்சேன். வெறியோட தேய்ச்சேன். குழி வந்துச்சு. அகலமா, மெத்துன்னு, ஓரம் தெரியாம. மேடம், மூணாவது, எழுதிக்கங்க, மூணு தடவை மோதியிருக்கறான்னு கத்துனேன்.

ரெண்டு தடவைதான்ப்பான்னு தாரணி சொன்னா. உனக்கு நெனவு தப்பியிருக்கும் சாமின்னேன். அந்தம்மா எழுதிட்டாங்க, மூணுன்னு.

பாவாயி அப்பத்தான் டீத்தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ளிருந்து வந்தா. ஜீப்பைப் பார்த்தா. தட்டை மட்கார்டு மேல வெச்சா. வெச்சுட்டு, சாதாரணமா, சர்க்கரை போதுமான்னு கேக்கறாப்புல சொன்னா:

“அது மாப்ள பண்ணுனதில்லீங்க மேடம். அது எம்பட தலைங்க.”

கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கான்ஸ்டபிள் போய் அதை நிறுத்துனாரு. எப்பம்மான்னு அந்தம்மா கேட்டாங்க. இவ எம்பட வவுத்துல ஏழு மாசமா இருந்தப்பங்கன்னு தாரணியைக் காட்டுனா. யாரு பண்ணுனதுன்னு கேட்டாங்க. பாவாயி டம்ளரை எடுத்து ஒவ்வொருத்தருக்காக் குடுத்துக்கிட்டே வந்தா. எனக்கும் குடுத்தா. நான் மிசினைக் கீழ வெச்சுட்டு வாங்கிக்கிட்டேன். அதுதானுங்க அவ கையால கடைசியா நான் குடிச்ச டீ.

சாமி சத்தியமாச் சொல்றேன் தம்பி, நான் மறந்தே போயிட்டேன். அந்தக் குழியைப் பார்த்துக்கூட நெனவு வரலை. அவ சொன்ன பொறவுதான் ஒண்ணொண்ணா வருது. அதுவும் ஒரு ஆயுத பூசைதான். முதல் சிவப்பு அடிச்சு ஒரு நாள் ஆகியிருந்துச்சு. சரியாக் காயலை. தொடாதேன்னு சொல்லியிருந்தேன். நாள் நல்ல நாளுன்னு சந்தனத்தைக் கொழைச்சுக்கிட்டு வந்து பானெட்டுல மூணு விரலை இழுத்துட்டா. ஈரப் பெயிண்டுல மூணு பள்ளம். வயசு எனக்கு இருபத்தாறு. சின்ன வயசுக் கோவம். அதுக்கப்புறம் பட்டி வெச்சேன், சாயங்காலத்துக்குள்ள மட்டம் பண்ணிட்டேன். அந்தக் காலத்துல அந்தப் பட்டிதான் கெடைக்கும், சாம்பல் கலர்ல. மூடுனதோட மறந்தும் போச்சு. நான் மறந்தாப்புல அவளும் மறந்திருப்பான்னு நெனைக்கறதுல என்ன தப்பு?

அந்தம்மா நோட்டுல மூணை அடிச்சுட்டு ரெண்டுன்னு எழுதுனாங்க. நீங்களும் புகார் குடுக்கறீங்களாம்மான்னு அவளைக் கேட்டாங்க. என் முன்னாடியேங்க! வேண்டாமுங்க, எம் புள்ளையோட போயிடறேன், அது போதும்னு சொன்னா. உள்ள போனா, ஒரு பையில துணியை எடுத்தா, ஆட்டோவுல ஏறிட்டா. நான் தாரணிகிட்டப் போனேன். நீயாச்சும் சொல்லு சாமின்னேன். மூடிட்டா ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க சொன்னீங்களேப்பான்னு மட்டும் சொன்னா. இப்பத் திருப்பூர்ல தனியா ஊடு எடுத்து இருக்கறாங்க, ரெண்டு பேரும். போன் போட்டா எடுக்கறதில்லை. கேசு நல்லபடியாப் போகுதுன்னு வக்கீல் சொல்லித்தான் தெரியும்.

எனக்கு இருக்கற வெசனமே இதுதானுங்க. இருபத்தெட்டு வருசம் வாயைத் தொறக்காதவ. ஊட்டுக்குள்ள சொல்லியிருக்கலாம். என்னைத் தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம். போலீஸ் முன்னாடி, பெத்த புள்ளை முன்னாடி, என் பட்டறையில வெச்சுச் சொல்லோணுமா? புள்ளைக்காக ஒருத்தன் தாடையை ஒடைச்சுட்டுக் கேசு வாங்கிக்கிட்டு நிக்கறவன் நான். அவனும் நானும் ஒண்ணுங்களா? நீங்களே சொல்லுங்க. ஏன் தம்பி, தலையைக் குனிஞ்சுக்கறீங்க?

அதோ, மூலையில தார்ப்பாய் போட்டு மூடியிருக்குது பாருங்க, அதுதான் அந்த ஜீப்பு. கேசு முடியற வரைக்கும் கை வெக்கக் கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு. வெறும் தகடு, பெயிண்டு இல்லை, பட்டி இல்லை. துருப் புடிக்க ஆரம்பிச்சுருச்சு. ஒரு ப்ரைமர் அடிக்கக்கூட உடமாட்டேங்கறாங்க. தினமும் காலையில வந்ததும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கறேன். பார்க்காம இருக்க முடியலை. ஒரு நாள் நேர்கம்பை மேல குறுக்க வெச்சு, அடியில விரலை உட்டு, மூணையும் அளந்து பார்த்தேன். தொழில்ல நான் பொய் சொல்றதில்லீங்க. அவன் பண்ணுன ரெண்டும் அரை விரல்கூட இறங்கலை.

பழசுதான் ஆழம்.

செரி, வண்டியை உள்ள உடுங்க தம்பி. தண்ணி ஊத்திப் பார்ப்போம்.